டவாலி கொல்லாமல் விட்ட ஆள்

கோச்சடை, மதுரை
9.8.2002

அன்பு வசுந்தராவுக்கு,

நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? சென்னைக்குப் போய் டிவிக்கு எழுத ஆரம்பித்ததும் எனக்குக் கடிதம் எழுதக் கை வலிக்கிறது போல.

நேற்று எதிர்வீட்டில் உன் சீரியல் பார்த்தேன். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி, தண்டனையில்லாமல் தப்பித்து வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறார். நேற்று செத்தவன், குடித்துவிட்டுக் காரேற்றித் தபால்காரரைக் கொன்றவன். என் வீட்டுக்காரர் மலைச்சாமி கரண்ட் ரீடிங் எடுத்தவர், நீ தபால்காரராக்கிவிட்டாய். மற்றபடி சோழவந்தான் ரோடு, பஞ்சர் கடை எல்லாம் அப்படியே. கேட்காமல் எழுதிவிட்டாயே என்று முதலில் சுள்ளென்று வந்தது. ஆனால் அவன் விழுந்தபோது எதிர்வீட்டு அழகம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். எப்படியடி எழுதுகிறாய்?

பொய்ச்சாட்சி சொன்ன பஞ்சர் கடைக்காரனிடம் டவாலி சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு போய்விட்டாரே, அந்த இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் வழக்கின் சாட்சி, நிஜப் பஞ்சர் கடைக்காரன் மொக்கையனும் இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். செப்டம்பர் நாலாம் தேதி அவன் கூண்டேற வேண்டும்.

உன்,
பவதாரிணி

சென்னை
14.8.2002

பவா,

கேட்டிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன், மன்னித்துவிடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பஞ்சர் கடைக்காரனை ஏன் விட்டீர்கள் என்று பார்ப்பவர்கள் கோபமாக எழுதுகிறார்களாம். இருபத்தொன்பதாம் தேதி டவாலி அவனையும் கொல்ல வேண்டும் என்கிறார் டைரக்டர் ராஜகுரு. உன் மொக்கையன் அதைப் பார்த்தால் நடுங்கிப்போய் உண்மையைச் சொல்லிவிடமாட்டானா? நீயே சொல். உன் பேச்சுப்படி எழுதுகிறேன்.

வசு

கோச்சடை
18.8.2002

அன்பு வசு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் மொக்கையனே வாசலில் நிற்கிறான்.

"டீச்சர், அந்த டவாலி அடுத்து பஞ்சர் கடைக்காரனக் கொல்லப் போறாராமே? டீக்கடையில பேசிக்கிறாய்ங்க."

"அது கதை, அண்ணே."

"கதையில அவன் பொய்ச்சாட்சி சொல்லிட்டானே. நான் இன்னும் சொல்லவே இல்லியே டீச்சர்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் கடையைக் காலி செய்துவிடுவோம் என்று கார்க்காரன் ஆட்கள் மிரட்டியிருக்கிறார்கள். உன் சீரியலைப் பார்த்த பிறகு ஊரும் அவனை ஒரு மாதிரி பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் பயமுறுத்தினால் போதும் என்று ஒரு நிமிடம் நானும் நினைத்தேன்.

அப்போது அவனாகவே சொன்னான். "சார் தண்ணி கேட்டாரு டீச்சர். நாந்தேன் தலையத் தூக்கி மடியில வச்சுக் குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சாரு."

இது எனக்கு இத்தனை நாள் தெரியாது, வசு. தண்ணீர்கூட இல்லாமல் போனார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனைக் கொல்லாதே. கோர்ட்டில் அவன் என்ன சொன்னாலும் சரி.

பவதாரிணி

சென்னை
30.8.2002

பவா,

நேற்று பார்த்திருப்பாய். பஞ்சர் கடைக்காரன் சாகவில்லை. "இந்த வாரம் உங்க இஷ்டம் மேடம். அடுத்த வாரத்துலேர்ந்து வேற ஆள் எழுதட்டும்" என்றார் ராஜகுரு. சரி என்று எழுந்து வந்துவிட்டேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஜெயிக்கிற வழி கைக்கு வந்தும் அதை வேண்டாமென்று சொன்ன ஒருத்தி என் சிநேகிதி. அவளை மாதிரி ஒரு பாத்திரத்தை நான் இதுவரை எழுதியதில்லை.

நாலாம் தேதி முழுக்க உன் நினைப்பாகவே இருப்பேன்.

வசு

கோச்சடை
20.12.2002

என் வசுவுக்கு,

நேற்று தீர்ப்பு. கார்க்காரனுக்கு இரண்டு வருடம். அப்பீல் போவானாம்; போகட்டும்.

மொக்கையன் பார்த்ததை எல்லாம் சொன்னான். எதிர்க்கட்சி வக்கீல் முக்கால் மணி நேரம் குடைந்தார். வேர்த்து ஊற்றியது, சொன்னதை மாற்றவில்லை. மிரட்டியபடியே அவன் கடையைக் காலி செய்தார்கள். இப்போது எங்கள் தெருமுனையில் போட்டிருக்கிறான். நானும் அழகம்மாள் அக்காவும்தான் இடம் பேசிக் கொடுத்தோம். தெருவில் எல்லோரும் அவனிடம்தான் காற்றடிக்கிறார்கள்.

நீ போன பிறகு நான் அந்த சீரியலைப் பார்ப்பதில்லை. அவன் விடாமல் பார்க்கிறான். நேற்று கோர்ட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் குறைபட்டுக்கொண்டான்: "டீச்சர், இப்பல்லாம் அந்த டவாலி யாரக் கண்டாலும் வெட்டிப்புடுறாரு. எழுதுறவுகள மாத்திட்டாய்ங்க போல. முந்தி எழுதுனவுகளுக்கு மனுசங்களத் தெரியும்."

அந்த ஆளை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நம்ப மாட்டேன் என்கிறான். பொங்கலுக்கு நேரில் வந்து நீயே சொல்லு.

உன்,
பவதாரிணி