வெடிக்காத நட்சத்திரமும் பூனா வேலையும்

பாலிகஞ்ச், கொல்கத்தா

அன்பு மகள் கீதாஞ்சலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், கரியாஹாட் பம்ப் கடையும் சௌக்கியம். ஜப்பான் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரிய வேண்டும்.

பூனா கம்பெனி கூப்பிடுகிறது, இங்கே ஜப்பான் ஆய்வகத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பூனான்னா ரயிலேறி வந்துருவா, இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க என்றாள் அம்மா. உள்ளதைச் சொல்கிறேன், நானும் அதே கட்சியில்தான் இருந்தேன். மலைக்கு அடியில் அத்தனை பெரிய தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு, எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதிலிருந்து வரும் நியூட்ரினோ என்ற துகள் தண்ணீருக்குள் மினுக்கென்று வெளிச்சம் காட்டும் என்று காத்திருக்கிறீர்கள். 1987-ல் பிடிபட்டதோடு சரி என்று நீயே சொன்னாய். அத்தனை வருஷம் கிராக்கி வராத கடையை நான் என்றைக்கோ மூடியிருப்பேன்.

இப்போது நடந்ததைக் கேள். உங்கள் எச்சரிக்கை மெயில் வரும் பட்டியலில் என்னையும் சேர்த்து வைத்தாய் அல்லவா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒன்று வந்தது. நியூட்ரினோ வந்துவிட்டது, நட்சத்திரம் வெடித்த வெளிச்சம் சில மணி நேரத்தில் வானத்தில் தெரியலாம் என்று முதல் வரியிலேயே இருந்தது. கோயம்புத்தூரில் பம்ப் ஏற்றியதும் எனக்குத் தகவல் முதலில் வரும், இங்கே சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குச் சரக்கு பிறகுதான் வரும். தகவல் வந்ததுமே வேலையைத் தொடங்குகிறவன்தான் பிழைப்பான். அந்தப் பழக்கத்தில், கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாராமல் கடையை அடைத்துவிட்டு ஓடிவந்து, பில்டிங் முழுவதையும் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். மேலே பார்த்தால் ஒரே மேகம். எதிர் வீட்டு சென்குப்தா பைனாகுலரோடு நின்றுகொண்டு, கீ மணிதா, அதாவது என்ன மணி அண்ணா, உங்க நட்சத்திரத்துக்கும் லோட்ஷெடிங்கா என்று கேட்க, எல்லோருக்கும் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மணி. என் நினைப்பெல்லாம் ஒன்றில்தான் இருந்தது. இந்தப் பெண் அவசரப்பட்டு பூனாவுக்குச் சரி என்று எழுதிவிட்டாளா, இல்லை இந்நேரம் அங்கே வேலையில் இருக்கிறாளா? போன் போட்டால் நீ எடுக்கவில்லை. பூனா பூனா என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அம்மாவே கையைப் பிசைந்துகொண்டு, அவ அங்கதானுங்க இருப்பா, இருக்கோணும் என்று முணுமுணுத்தாள். அப்புறம் சென்குப்தா என் போனை வாங்கி மெயிலைக் கடைசிவரை படித்துவிட்டு, இது ஒத்திகை மணிதா, எல்லோரும் இறங்கி டீ குடியுங்கள் என்றார். அன்றிலிருந்து மார்க்கெட்டில் என் பெயர் நட்சத்திர பாபு. அந்த வேடிக்கையைக் கேட்க வந்தவர்களிடம் மோட்டாரும் விற்றேன், அது வேறு விஷயம்.

பூனா மாதிரி வேலை இன்னொன்று வரும். ஆனால் நீ விட்டுவிட்டு வந்த பிறகு அது நிஜமாகவே வெடித்தால், யாரோ அனுப்பிய மெயிலை நீயும் என்னைப் போல மாடியில் நின்று படிக்க வேண்டியிருக்கும். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. உன் காலத்தில் வெடிக்காமலே போனாலும் போகட்டும், கையெழுத்துப் போடு. சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டுவிட்டுப் போடு. அம்மா இப்போது ரயிலை விட்டுவிட்டு, ஜப்பானுக்கு விசா எப்படி வாங்குவது என்று கேட்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியம் கைகூடட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும் என்று இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். கடைசி நாள் வரை இழுத்தடிக்காமல் இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு ஒரு வரி போடு.

உன் அப்பா,
மணிவேல்