கடலில் விழும் மண்

ஊர்காவற்றுறை,
12.11.2003

அன்பு மகள் நிமலினிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் தம்பி றெக்ஷனும் சுகமாக இருக்கிறோம், அந்த ஜேர்மனிக் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்றுதான் தினமும் செபமாலை சொல்கிறேன். இப்போது கடலுக்குப் போகத் தடை குறைந்துவிட்டதால் தம்பி பெரியப்பாவின் வள்ளத்தில் போய்வருகிறான், நேற்று ஒட்டிமீனும் விளைமீனும் கொண்டுவந்தான், எனக்குத்தான் உன் யோசனை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ அழுதாய், படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கடையில் வேலைக்குப் போகப்போகிறேன் என்றாய், அதோடு வைத்தும்விட்டாய். தொலைபேசிக் கடையில் என்னைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன், அவசரப்படாமல் வாசி.

உன் படிப்பில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். நடுக்கடல் பார்க்க நல்ல நீலமாக இருக்கும், ஆனால் அதில் தின்ன ஒன்றும் இல்லை, பட்டினிக் கடல். பாலைவனத்துத் தூசியைக் காற்று அள்ளிவந்து அதில் கொட்டினால் அந்த மண்ணிலுள்ள இரும்பும் மற்றச் சத்தும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பச்சைப் பூண்டுகள் வளரும், அதைத் தின்னச் சின்ன உயிர்கள் வரும், பிறகு மீன் வரும். இதைப் பார்க்கத்தானே கப்பலில் போய்க் கடல் தண்ணீர் பிடித்து அந்த மண்ணைப் போட்டு வைத்தீர்கள். பச்சை நினைத்த அளவு வளரவில்லை, அதைவிடச் சின்னக் கிருமிகள் முந்திக்கொண்டு சத்தைத் தின்றுவிட்டன என்று அழுகிறாய். கோழிக்குப் போட்ட அரிசியைக் காகம் தின்றதென்று யாராவது கோழி வளர்ப்பதை விடுவார்களா? இதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான் என்று உன் பேராசிரியரே சொன்னாராம், அவருக்கு இல்லாத கவலை உனக்கு ஏன்.

இனி நான் சொல்ல வந்தது. இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடத்திலிருந்து நான் அன்றைக்குச் சேமக்காலைப் பக்கமே போவதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லோரும் அங்கே செத்துப்போன தங்கள் ஆட்களின் குழியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள், நான் எந்தக் குழியில் கொளுத்துவது? ஊரில் எத்தனை பேரின் அடக்கத்தில் மண் போட்டிருப்பேன், என் மனுசனுக்கு ஒரு பிடி போடக் கிடைக்கவில்லையே என்பதுதான் இவ்வளவு காலமும் என்னை அரித்தது. இந்த முறை உன் தூசிக் கதையால் ஒரு துணிவு வந்து, முற்றத்து மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அல்போன்சம்மா மாமியோடு கரைக்குப் போனேன். செபம் சொல்லி எறிந்தால் எதிர்க்காற்று, அவ்வளவு மண்ணும் திரும்பி வந்து எங்கள் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. மாமி துப்பித் துப்பி, மச்சாள், என்ர அண்ணைக்கு உலகத்துப் பாலைவனமெல்லாம் மண் போடுது எண்டு உம்மட மகள் சொல்லுறாள், நீர் ஏன் எனக்குப் போடுறீர் என்று கேட்டாள். அந்த இடத்திலேயே இருந்து இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

நம் பக்கத்துக் கடலிலும் சோளகக் காற்றோடு அரபு தேசத்துத் தூசி கொஞ்சம் விழும் என்று முந்தி நீ எழுதியிருந்தாய். அப்படியென்றால் அவருக்கு மண் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, அதுவும் விழுந்த இடத்தில் ஏதோ ஓர் உயிர் தின்று பிழைக்கிற மண். பச்சை வளர்ந்ததோ கிருமி தின்றதோ, உங்கள் ஆட்களுக்கு அது பெரிய வித்தியாசமாக இருக்கலாம், எனக்கு இல்லை. அன்று பின்னேரம் சேமக்காலைக்குப் போய்ப் பெரிய சிலுவையடியில் சில்வெஸ்ரர் என்று பெயர் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன் மகள். நீ விடப்போகிறேன் என்கிற படிப்புத்தான் என்னை அங்கே கொண்டுபோனது.

மாசியில் திரும்பவும் கப்பல் போகும் என்றாயே, போ. காலுறை போடாமல் திரியாதே, சாப்பிடாமல் படுக்காதே, அந்தோனியார் உனக்குக் காவலாக இருப்பார், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மறந்துவிடாதே, தண்ணீருக்குப் போட்டு மிஞ்சுகிற மண்ணில் ஒரு பிடி எடுத்து, காற்று எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்து, அப்பாவின் பெயரைச் சொல்லி நடுக்கடலில் போடு. மூத்த பிள்ளை நீ, அது உன் கையால் விழவேண்டிய மண்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா,
சி. மாக்கிறேற்