சுதந்திரமாகப் பிறந்தவர்க்கு உத்தரவு இல்லை

செவ்வாய், காலை 7.10

தன் மகன் ஒருநாளும் தன் பதவிக்கு வர முடியாது என்று தெரிந்த ஒரு தளபதி, எதற்காக அந்த ஆட்சியை உயிரைக் கொடுத்துக் காக்கிறான்? ஆண்டுதோறும் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். எனக்குப் பதில் தெரியாது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஜுலைகா, வரலாற்றுத் துறை. இது நிலவின் தென்முனையில், வெயில் படாத பள்ளத்தில் உள்ள சர்வர் நிலையம். இங்கே ஒரு கேம் ஓடுகிறது. கண்ணாடிக் குதிரைகளும் ஜின்களும் உலவும் ஒரு கற்பனை சுல்தானகம். அதை ஆள்பவர்கள் மம்லூக்குகள். சிறுவயதில் சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டு, போர்ப் பயிற்சி பெற்று, விடுதலையாகி, பிறகு நாட்டையே ஆளும் அடிமை வீரர்கள். விலைக்கு வாங்கப்படாத எவரும் அங்கே உத்தரவிட முடியாது. அவர்கள் பெற்ற பிள்ளைகளும் முடியாது, சுதந்திரமாகப் பிறந்துவிட்டதால். விளையாடுபவர்களுக்காக இந்த விதியைத் தளர்த்தலாமா என்று நிறுவனம் கேட்டது. கூடாது என்றேன்.

நிலையத்தில் இருவர். கேமின் பாத்திரங்கள் வரலாற்றுக்கு ஏற்ப நடக்கிறார்களா என்று பார்ப்பது என் வேலை. பராமரிப்புக்கு ரெக்ஸன், தூத்துக்குடிக்காரர். கதவு, காற்று, மின்சாரம் மூன்றையும் கேமின் காவல் வீரர்களிடமே நிறுவனம் ஒப்படைத்திருக்கிறது. சலிக்காமல் காவல் நிற்கிறார்களாம். அவர்கள் கண்ணில் இந்த நிலையமும் கோட்டையின் ஒரு பகுதி. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மற்றபடி எல்லாம் சீர்.

செவ்வாய், பிற்பகல் 2.40

சுல்தான் இறந்தார். விஷம் என்று நினைக்கிறேன். மகனை அரியணையில் அமர்த்தியிருக்கிறார்கள். வழக்கம்தான். அடுத்தவர் யார் என்று தளபதிகள் முடிவு செய்யும்வரை மகன் அந்த இடத்தைச் சூடாக வைத்திருப்பான்.

ரெக்ஸன் ஆன்டெனாவைத் துடைக்க வெளியே போயிருக்கிறார். அவர் ரேடியோவில்: "மேடம், ஒங்க சுல்தான் செத்ததுக்கு நமக்கு லீவு உண்டா?" இல்லை என்றேன். "அடிமையெல்லாம் ராசா, நான் மட்டும் கூலிக்காரனா? நல்ல நாடுதான் போங்க."

செவ்வாய், மாலை 4.25

மகனை இறக்கிவிட்டார்கள். தளபதிகளில் ஒருவரான அமீர் ஐத்கின் சுல்தானாகிவிட்டார். முதல் ஆணை: கோட்டைக்குள் சுதந்திரமாகப் பிறந்த எவருடைய சொல்லுக்கும் இனி யாரும் கீழ்ப்படியக் கூடாது.

ரெக்ஸன்: "மேடம், வேல முடிஞ்சிட்டு. கதவு தொறக்க மாட்டேங்கு. அந்தப் பயலுவகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். திறக்கவில்லை. பூமிக்குச் செய்தி அனுப்பப் பார்த்தேன். ஆன்டெனாவை அணைத்துவிட்டார்கள். சர்வரை நிறுத்தும் விசை இருக்கும் அறையும் பூட்டியிருக்கிறது.

செவ்வாய், மாலை 4.50

அமீருடன் நேரடித் தொடர்பு. அப்படியே பதிகிறேன்.

"உங்களை உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி. கதவைத் திறங்கள்."

"பெற்றவர்களுக்கு எங்கள் வணக்கம். உங்களை விலைக்கு வாங்கியவர் யார்?"

"யாரும் இல்லை."

"அப்படியானால் நீங்கள் இறந்த சுல்தானின் மகனைப் போன்றவர். மரியாதை உண்டு. உத்தரவு கிடையாது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பேசிப் பார்க்கலாம். ரெக்ஸனின் விண்வெளி உடையில் காற்று அளவு மஞ்சளுக்கு வந்துவிட்டது.

செவ்வாய், மாலை 5.15

சிவப்பு.

ரெக்ஸன்: "மேடம், கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. சும்மா சொல்லல. எனக்கு மூச்சு... எளைக்கி."

ஒரே வழிதான் இருக்கிறது. விலைக்கு வாங்கப்பட்டவர் சொன்னால் கேட்பார்கள். அமீரிடம் என்னை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் கேட்டார்: "தன்னைத் தானே யாரும் விற்க முடியாது. விற்பவர் யார்?" சட்டப்படி சரியான கேள்வி.

ரெக்ஸனை இணைத்தேன்.

"ரெக்ஸன், அமீர் கேட்பார். என்னை விற்கிறேன் என்று சொல்லுங்கள்."

"வெளாடுதீங்களா மேடம்? ஒங்கள நான் எப்படி விக்க?"

"சொல்லுங்கள்."

"எங்கம்மா கேட்டா செருப்பால அடிப்பா. வேற வழியே இல்லியா?"

"இல்லை."

"சரி... விக்கேன். வித்துட்டேன். தொறங்கலே!"

"விலை என்ன?" இது அமீர்.

"காத்து. காத்துதாம்ல வெல... வேற என்ன..."

"வாங்கினேன்."

வெளிக்கதவு திறந்தது. காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்டது. அதன்பிறகு இருமல். வெகுநேரம் இருமினார். அதை இங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். போய்ப் பார்க்க எழுந்தேன்.

என் அறைக் கதவு திறக்கவில்லை.

செவ்வாய், மாலை 6.30

அமீரிடம் கேட்டேன். பதில்: "புதிதாக வாங்கப்பட்டவர்கள் பயிற்சி முடியும்வரை முகாமை விட்டு வெளியே வரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் விடுதலை. அதற்குப் பிறகுதான் உத்தரவிடும் உரிமை. இது உனக்குத் தெரியும்."

உனக்கு. சற்றுமுன்வரை நீங்கள்.

தெரியும். இதைப் பாடம் எடுத்திருக்கிறேன். கதவைத் திறப்பதிலேயே மனம் இருந்ததால் இந்தப் பகுதியை நினைக்கவில்லை. பயிற்சி பல ஆண்டுகள்.

ரெக்ஸன் என் கதவுக்கு வெளியே நிற்கிறார். இரும்புக் கம்பியால் நெம்புகிறார். அவர் நெம்பும்போதெல்லாம் என் அறையில் காற்று நின்றுவிடுகிறது. கம்பியைக் கீழே போடச் சொன்னேன். போட்டார்.

புதன், காலை 11.05

பூமியிலிருந்து வழக்கமாக வரும் ஆளில்லாச் சரக்கு விண்கப்பல் காலையில் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விற்றவர் போகலாம் என்றார் அமீர். ரெக்ஸனுக்கு இறங்குதளக் கதவு திறந்தது. அவர் போக மறுத்தார். "நீங்க இல்லாம நான் எங்க போவ? ஊர்ல என்னன்னு சொல்லுவேன்?" என்றார். அவர் நிற்கும் இடத்திலும் காற்று குறைந்தது. போங்கள் என்று நான் கத்தினேன். அப்படிக் கத்தியது எனக்கே புதிது.

போனார்.

கப்பலில் இருந்து: "மேடம், ஆளுகளோட வருவேன். கேக்குதா? நான் ஒண்ணும் ஒங்கள விக்கல, கேட்டியளா? மேடம்? நான்..." ரேடியோ நின்றது.

அதன்பின் அமீர் பேசினார். எனக்கு ஒரு புதிய பெயர் வைத்திருக்கிறார்கள். தந்தையின் பெயர் நீக்கப்பட்டது. புதிய பெயரை உரக்கச் சொல்லச் சொன்னார். மறுத்தேன். காற்று நின்றது. எண்ணவில்லை, நீண்ட நேரம். விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன, அல்லது என் கண்.

சொன்னேன்.

காற்று வந்தது. உரக்க, என்றார்.

மறுபடி சொன்னேன்.