அக்கா வீட்டு லிஃப்டுக்கு நான் போட்ட கையெழுத்து

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் சோதனைக்குப் புதிதாக ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் ஒட்டிவைத்தால் சத்தம், அதிர்வு எல்லாவற்றையும் கேட்டு, அறிக்கையையும் அதுவே எழுதிவிடுமாம். நான் கையெழுத்துப் போட்டால் போதும். இருபத்திரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கிக் காதால் பிழைத்தவள் நான். எனக்கு இது மரியாதையா, வீட்டுக்குப் போகச் சொல்லும் மரியாதையா?

மார்ச் 6

வயிறு எரிகிறது. அது எழுதுவது என் பேச்சு! "ஓட்டம் சுத்தம், நிற்பதில் கொஞ்சம் அவசரம்" — என்னைத் தவிர யார் இப்படி எழுதுவார்கள்? மேலாளரிடம் கேட்டேன். "உங்க பழைய அறிக்கை எல்லாத்தையும் கொடுத்துதான் மேடம் பழக்கினோம். அதெல்லாம் கம்பெனி சொத்துதானே?" என்றார், சிரித்துக்கொண்டே. சொத்தாம். கேட்டது என் காது, எழுதினது என் கை. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

மார்ச் 13

இன்று அக்கா குடியிருக்கும் கட்டடம். அவள் ஒன்பதாவது மாடி. கருவி எழுதியது: "மோட்டார் பக்கம் மெல்லிய கீச்சொலி. சும்மா விடக் கூடாது." மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. அதன் முடிவை ரத்து செய்து, 'தகுதி' என்று கையெழுத்துப் போட்டேன். ஒளிப்பானேன், பரம சந்தோஷம்.

மார்ச் 14

கண்ணாடி முன்னால் நின்று "மாட்டுனியா?" என்று அந்தக் கருவியைக் கேட்பதுபோல் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வயசு ஐம்பத்தாறு.

மார்ச் 19

அக்கா போன் பண்ணினாள். "ஏண்டி, லிஃப்ட் நல்லாருக்குன்னு நீதான் எழுதிக் குடுத்தியாமே? ரெண்டு வாரமா கீச்சுகீச்சுன்னு உயிரை எடுக்குது. உனக்குக் கேக்கலையா?"

"கேக்கலையேக்கா."

"விளையாடாத. நீ பாத்துட்டேன்னுதான் நான் தைரியமா ஏறிட்டிருக்கேன்."

உடனே லிஃப்டை நிறுத்தச் சொன்னேன். மோட்டார் பேரிங் தேய்ந்து போயிருந்தது. மெக்கானிக் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

மார்ச் 21

காது டாக்டர். மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் எனக்குக் கேட்பதே இல்லையாம். "மூணு வருஷமாவே இருந்திருக்கும்" என்றார். அந்தக் கருவிக்குக் கீச்சொலி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்ததே நல்ல காதோடு இருந்த நான். அந்தப் பழைய என்னையேதான் ரத்து செய்திருக்கிறேன்.

மார்ச் 22

மேலாளரிடம் சொன்னேன். "லிஃப்ட்தான் சரியாயிடுச்சே, விடுங்க மேடம். இனிமே கருவி சொல்றதுக்கே கையெழுத்துப் போட்டுடுங்க."

அப்புறம் எதுக்கு என் கையெழுத்து? மூணு வருஷமா நான் காதை மட்டும் நம்பித் தகுதி கொடுத்த கட்டடம் நூத்தி எழுபது. அதுல எல்லாம் ஜனங்க ஏறிட்டிருக்காங்களே! வேலை போனாலும் போகட்டும். நூற்றி எழுபது கட்டடத்துக்கும் என் பெயரிலேயே கடிதம் எழுதப் போகிறேன் — என் காது பழுது, மறுபடி பார்க்க வேண்டும் என்று.

மார்ச் 27

முதல் பதில்: "இனி வேறு ஆளை அனுப்பவும்." நியாயம்தான். அழுதேன்.

ஏப்ரல் 30

மறுசோதனையில் முப்பத்தேழாவது கட்டடம். கருவி பையில், கேட்கும் மிஷின் காதில். வாசலிலேயே குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் கடிதத்தோடு நின்றார். "அப்ப இத்தனை நாள் உங்க கையெழுத்த நம்பித்தான் எங்க பிள்ளைங்க ஏறிச்சு?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எனக்கு முன்னால் லிஃப்டுக்குள் போய் நின்று, "வாங்க, பாப்போம்" என்றார்.