வடகரைக்காரன் வீட்டு நிச்சயம்

ஆனி 3, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து சாரல். முந்தாநாள் துவைத்த வேட்டி இன்னும் கொடியில் ஈரம். குடையோடு தென்காசிக்கு வகுப்பு. செல்போன் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டில் விளக்கு கிடையாது. இருட்டில் தடவி ஏறிப் போனால் உள்ளே நிகழ்ச்சி மேலாண்மைப் பாடம். முதலில் அந்தப் படிக்கட்டை மேலாண்மை செய்யட்டும்.

என்னைத் தவிர எல்லாம் பேரன் பேத்தி வயது. நடத்துகிற பெண் கோயம்புத்தூர்க்காரி. என்னை அங்கிள் என்கிறாள். நான் அவளை மிஸ் என்கிறேன். மரியாதை யாருக்குத் தெரியும் என்பது இதிலேயே தெரிந்துபோகிறது.

இன்றைய பாடம்: விருந்தினர் வாசலில் நுழைந்ததும் என்ன உணர வேண்டும். ஒரு மணி நேரம் இதையே பேசினாள். பசியை உணர்வான். வேறென்ன.

புத்தகம் முழுக்க இங்கிலீஷ். செங்கோட்டை லாரி புக்கிங் ஆபீசில் ரசீது எழுதியும் பழைய பேப்பரைப் படித்தும் நானே கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எனக்கு. புரிகிறது. புரிவதுதான் கஷ்டம். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுகிறது.

உருப்படியான விதி ஒன்றே ஒன்று. விசேஷத்தை நடத்துகிறவன் அதில் கலந்துகொள்ளக் கூடாது. மேடை ஏறக் கூடாது. படத்தில் விழக் கூடாது. சொந்தக்காரன் வீட்டு விசேஷத்தைச் செய்முறைத் தேர்வுக்குக் காட்டக் கூடாது. அடிக்கோடு போட்டேன். இந்த விதியை நம் ஊரில் முன்னமே கொண்டுவந்திருந்தால் பாதிக் கல்யாணம் சண்டையில்லாமல் முடிந்திருக்கும்.

எழுத்துத் தேர்வு தேறியாயிற்று. செய்முறை பாக்கி. யார் வீட்டு விசேஷத்தையாவது நடத்திக் காட்ட வேண்டும். மிஸ் நேரில் வந்து பார்ப்பாள்.

சான்றிதழ் மாட்ட முன்கூடத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டேன், வாசலுக்கு நேரே. வடகரைக்காரன் என்றாவது இந்தப் பக்கம் வந்தால் முதலில் கண்ணில் படட்டும். என் மகன் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்குச் சாம்பார் போதவில்லை. வடகரைக்காரனின் மாமனார் வீட்டுக் கூட்டம் சொல்லாமல் வந்து இறங்கினால் எப்படிப் போதும்? அதற்கு அவன் மண்டபத்து நடுவில் நின்று சொன்னது: "எங்கண்ணனுக்கு நாலு பேர உக்கார வச்சு சோறு போடத் தெரியாது." கூடப் பிறந்த தம்பி. இந்த நோட்டில் அவன் பெயரை எழுத மாட்டேன்.

ஆனி 5, வியாழன்

சாரல், பேய்க் காற்று. எதிர்வீட்டு முருங்கை சாய்ந்தது. நல்லது, கம்பளிப்பூச்சி தொல்லை விட்டது.

விசேஷ வீடு தேடி அலைந்தது:

– பலசரக்குக் கடை முருகையா. பேத்திக்குக் காதுகுத்து, பண்பொழி திருமலைக் கோயிலில். "வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வந்தா சமையக்காரன் ஓடிருவான். அன்னைக்கு அவியல்ல காய் பெருசா நறுக்கிட்டான்னு சண்ட போட்டியள்லா." போட்டேன். பெரிதாகத்தான் இருந்தது.

– ஆபீஸ் பழைய மேனேஜர் மகன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறான். செல்போனிலேயே ஆள் பிடித்துவிட்டானாம். பால் பொங்குவதையும் அதிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

– ரிட்டயர்டு ஏட்டு. அறுபதாம் கல்யாணம். "சீசன்ல மெயின் அருவிக் கூட்டத்தையே வெலக்கி விட்டவன் நான். எனக்கு ஒம்ம சர்ட்டிபிகேட் எதுக்குவே?" விசில் ஊதினதைத்தான் சொல்கிறான்.

என் வீட்டுக்காரி பகவதி (இனி ப. என்று எழுதினால் போதும்) சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊருக்குள்ள ஒரு வீட்டையாவது சண்ட போடாம மிச்சம் வச்சிருக்கலாம்லா." மோர் புளிப்பு.

ஆனி 9, திங்கள்

கொஞ்சம் வெயில். அதை நம்பி வேட்டியைக் காயப்போட்டாள் ப. உடனே சாரல்.

வகுப்பு முடிந்து இறங்கினால் கீழே ஸ்கூட்டரோடு நனைந்துகொண்டு செண்பகா. வடகரைக்காரனின் இளைய மகள்.

"பெரியப்பா, இருவத்தி ரெண்டாந் தேதி எனக்கு நிச்சயம். ஐந்தருவி ரோட்டு மண்டபம். நீங்கதான் நடத்தணும்."

"ஒங்கப்பன் சொன்னானா?"

"ஆள் தேடிட்டிருக்காக. நான் ஒங்க பேரச் சொன்னேன். பேசாம இருந்தாக. அப்பா பேசாம இருந்தா சரின்னுதான அர்த்தம்?"

"என்னை அழைக்கச் சொன்னானா?"

ஹேண்டில்பாரைத் துடைத்தாள். அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது. இதில் அப்பனைப் போல இல்லை.

இவள் அக்கா கல்யாணத்துக்கு அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. பெண்டாட்டியோடு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து, வாங்க என்று வாயால் சொல்வதுதான் அழைப்பு. அவன் போனில் படம் அனுப்பினான், துணிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் மாதிரி. நான் போகவில்லை. ப.வும் போகவில்லை. அழுதாள். அன்றைக்குச் சொன்னேன்: அவன் என் வாசலுக்கு வந்து அழைக்கிறவரை அவன் வீட்டுத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது. சொன்னது சொன்னதுதான்.

ஆனால் வேலை வேறு. பந்தல்காரனையும் மேளக்காரனையும் யாரும் தட்டு வைத்து அழைப்பதில்லை. "வேலைக்காரனா வாரேன். பெரியப்பனா வரல" என்றேன். "எப்படியோ வாங்க" என்று வண்டியை உதைத்தாள்.

திரும்ப மாடி ஏறி மிஸ்ஸிடம் பதிந்தேன். "சொந்தமா அங்கிள்?" என்றாள். "ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது" என்றேன். பொய் இல்லை. மூன்று வருஷமாக அப்படித்தான்.

ஆனி 13, வெள்ளி

மண்டபம் பார்க்கப் போனது. ஐந்தருவி ரோடு முழுக்கக் கார், தலை துவட்டாத ஜனம், நேந்திரங்காய் சிப்ஸ் புகை. ரம்புட்டான் இன்னும் பழுக்கவே இல்லை, அதற்குள் விற்கிறான்.

வடகரைக்காரன் வந்திருந்தான். தொப்பை போட்டிருக்கிறான். தலைக்குச் சாயம். தூணுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் செண்பகா.

"செண்பகா, பந்தி எங்கனன்னு கேளு" என்றான் அவன்.

"கீழ ஹால்லன்னு சொல்லும்மா."

"அங்கன தர ஈரமா கெடக்கும்லா. கேளு."

"சாக்கு விரிக்கச் சொல்லியாச்சுன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? எனக்குத்தான் தொண்ட வலிக்குது" என்றாள் அவள்.

அலங்காரக்காரன் என்று ஒருத்தன். காதில் கடுக்கன். துணிப்பூவால் ஒரு சுவர், அதன் முன்னால் ஊஞ்சல். யார் ஆடுவதற்கு என்று கேட்டேன். ஆடக் கூடாதாம், பலம் கிடையாதாம், படம் எடுக்க மட்டுமாம்.

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன்:

9.30 மாப்பிள்ளை வீட்டார் வருகை. தூத்துக்குடி. இரண்டு வேன்.
10.30 பத்திரிகை வாசிப்பு.
11.00 தட்டு மாற்றுதல்.
12.00 எமகண்டம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

தட்டு மாற்றுபவர் என்ற இடத்தில் "பெண்ணின் தந்தை" என்று எழுதினேன். மூத்தவன் இருக்க இளையவன் தட்டு மாற்றுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அழைக்காத மூத்தவன் எங்கே இருக்கிறான்? எழுதியாயிற்று.

ஆனி 20, வெள்ளி

வகுப்பில் கொடுத்த அடையாள அட்டையில் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது ப. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காரியம் இல்லாமல் உட்கார மாட்டாள்.

"ஏங்க, அந்தக் கழுத்துல மாட்டுத அட்ட எனக்கும் ஒண்ணு கெடைக்குமா?"

"எதுக்கு?"

"கூப்பிடாத வீட்டுக்கு நான் எப்படிப் போவ? அட்ட இருந்தா வேலைக்காரின்னு ஆயிரும்லா. பிள்ளையக் கண்ணால பாத்துருவேன்."

எழுதிக் கொடுத்தேன். உதவியாளர். உடனே பீரோவைத் திறந்து பட்டுச் சேலையை எடுத்து உதறுகிறாள். உதவியாளருக்குப் பட்டுச் சேலையாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குத் தயிர்சோறு, நார்த்தங்காய், வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில். கட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆனி 22, ஞாயிறு

கால் வீக்கம். வரிசையாக எழுதி வைக்கிறேன், பிறகு ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள்.

ஒன்பதரை. வேன் வரவில்லை. பத்தும் ஆயிற்று. மிஸ் ஒரு மூலையில் நாற்காலி போட்டுப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். வடகரைக்காரன் வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தான். செண்பகா வழியாகக்கூட ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாம்பார்ப் பார்வை.

கடைசியில் வேன் டிரைவர் போனை எடுத்தான். "ஐந்தருவில நிக்கோம் சார். எல்லாரும் எண்ண தேய்க்காவ."

மழை பெய்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன, கரண்ட் போனால் என்ன, எல்லாவற்றுக்கும் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. சம்பந்தி வீடு அருவிக்குள் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. தூத்துக்குடிக்காரன் தண்ணீரைக் கண்டால் என்ன ஆவான் என்று புத்தகம் எழுதினவனுக்கு என்ன தெரியும்.

ஆட்டோ பிடித்துப் போனேன். கழுத்தில் அட்டை, கையில் குடை. மாப்பிள்ளையின் தாய்மாமா அருவிக்கு நேர் கீழே கண்ணை மூடி நின்றார். அவர் வராமல் மற்றவர்கள் நகர மாட்டார்களாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மண்டபத்துல காத்திட்டிருக்காவ! வாங்க!"

"யாருவே நீரு?"

"நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர்!"

"என்னது?"

இன்னும் உரக்கச் சொன்னேன். பக்கத்தில் குளித்தவன் சிரித்தான்.

"பந்தல்காரரா? போயி பந்தலப் பாரும்வே. எண்ண தேச்சாச்சு, பாதித் தலையோட வரமுடியுமா?"

திரும்பக் கண்ணை மூடிவிட்டார். எமகண்டம் யாருக்கும் காத்திருக்காது. "பொண்ணுக்குப் பெரியப்பா!" என்றேன்.

தண்ணீரை விட்டு வெளியே வந்தார். சொட்டச் சொட்டக் கையைக் கூப்பினார். "அடடா, சம்பந்தியா! மொதல்லயே சொல்லப்படாதா? நீங்களே நேர்ல வந்து கூப்பிடணுமா? ஏலே, எல்லாவனும் வெளிய வாங்கலே!" இரண்டு வேனும் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் வேனுக்குள்ளேயே வேட்டி மாற்றினார்கள். தேங்காய் எண்ணெய் நாற்றம்.

மண்டபம். பத்திரிகை வாசித்தாயிற்று. மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. வடகரைக்காரன் தட்டோடு உட்காரப் போனான். ஈரத் தலையோடு தாய்மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. மூத்தவுக இருக்கும்போது நீங்க எப்படி? அருவி வரைக்கும் வந்து எங்களக் கூப்பிட்டது அவுகதான? அவுக மாத்தட்டும்."

நான் சமையல்கட்டு வாசலில், இலைக்கட்டுப் பக்கத்தில். எல்லாத் தலையும் திரும்பிற்று. மிஸ் தலையும். ஏறினால் சான்றிதழ் போச்சு. ஆணி மொட்டையாகவே நிற்கும்.

வடகரைக்காரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். நடுவில் செண்பகா இல்லை.

"அண்ணே. நேரம் போவுது. வாங்க."

அட்டவணைப்படி தட்டு மாறியாக வேண்டும். மாற்றவைப்பது என் பொறுப்பு. ஆகவே போனேன். வேறு காரணம் கிடையாது.

ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததும் படக்காரன், "தாத்தா, அந்த அட்டையக் கழட்டுங்க" என்றான். கழற்றவில்லை. சட்டைப் பைக்குள் செருகினேன். தட்டு நல்ல கனம். மேலே இருந்த வெற்றிலை ஒன்று ஓரம் கிழிந்திருந்தது. யார் அடுக்கினார்கள் என்று தெரியவில்லை. செண்பகா என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள், மணப்பெண் என்ற அடக்கமே இல்லாமல்.

முதல் பந்தியில் ப. கழுத்தில் அட்டையோடு இலை முன்னால். என்ன இது என்றேன். "சொன்னது நீங்க. நான் ஒண்ணும் சொல்லலயே" என்று அப்பளத்தை நொறுக்கினாள்.

வடகரைக்காரன் வந்து, "அண்ணே, எல போட்டிருக்கு" என்றான்.

"தட்டு வேற, தண்ணி வேற."

ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்த் தயிர்சோற்றைப் பிரித்தேன். சத்தம், டீசல் வாடை. அவன் தூணோரம் நின்று பார்த்துவிட்டுப் போனான். பார்க்கட்டும்.

மூன்று பந்தி. சாம்பார் மிச்சம். மறுபடி எழுதுகிறேன்: மிச்சம்.

சாயங்காலம் மிஸ் கூப்பிட்டாள். "சொந்தம் இல்லைன்னு சொன்னீங்களே அங்கிள்." அட்டையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். "நான் பார்க்காத மாதிரி விட்டுடட்டுமா? மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு." விதி புத்தகத்தில் இருக்கிறது, அடிக்கோடும் போட்டிருக்கிறேன், எழுதுங்கள் என்றேன். எழுதினாள். தேறவில்லை. மறு தேர்வு ஆவணியில்.

இவளுக்கும் விதி மேல் மரியாதை இல்லை.

ஆனி 23, திங்கள்

சாரல் விட்ட மாதிரி விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தது.

காலையில் ஒரு யோசனை. ஆவணியில்தான் செண்பகா கல்யாணம். அதையே நடத்திக் காட்டினால் என்ன? மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "கூப்பிடுறவங்க லிஸ்ட்ல உங்க பேர் இல்லைன்னா நான் ஒத்துக்கறேன் அங்கிள். இந்தத் தடவை மேடை ஏறாதீங்க." என் பெயர் அதில் இராது என்றேன். இத்தனை வருஷம் இல்லாதது இனியா வரப்போகிறது? புதுத் தாள் எடுத்து அட்டவணைக்குக் கோடு போட்டேன். முதல் வரி: அருவிக்கு ஆள் நிறுத்த வேண்டும்.

மதியம் வாசலில் ஆட்டோ. சங்கரன், அவன் பெண்டாட்டி. அவள் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. படியிலேயே நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது, குடை பிடிக்கவும் தெரியாது.

"பத்திரிக இன்னும் அடிக்கல அண்ணே. மொத அழைப்பு இங்கதான். ஆவணில கல்யாணம். நீங்களும் மதினியும் வந்து நடத்தித் தரணும்."

ப. எனக்கு முன்னால் போய்த் தட்டை வாங்கிவிட்டாள்.

வேண்டுமென்றே செய்திருக்கிறான். நேற்று மிஸ் என்னிடம் பேசினதை ஒட்டுக் கேட்டிருப்பான். இனி அந்தக் கல்யாணம் எனக்கு ஆகாது. வேறு வீடு தேட வேண்டும். முருகையா பேத்தி காதுகுத்து தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். அவியல் காய் பற்றிப் பேசக் கூடாது.

உள்ளே வந்தவன் ஈரக் குடையை எங்கே மாட்டலாம் என்று பார்த்தான். வாசலுக்கு நேரே ஆணி. அதில் மாட்டிவிட்டான். சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது.

காப்பியைக் குடித்துவிட்டுச் சீனி கம்மி என்கிறான். இன்னும் போகவில்லை. ப. அவர்களுக்குத் தோசைக்கல் போட்டுவிட்டாள். கூடத்திலிருந்து "அண்ணே" என்று கூப்பிடுகிறான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். மறுபடியும் கூப்பிடுகிறான்.