இளநீலமா, இளம்பச்சையா?

நாள் 41 — 09:10
நிலா நிலையம், ஓய்வறை. பதிவு: பராமரிப்புப் பொறியாளர் இசக்கியம்மாள். இப்போதைக்கு இங்கே நான் ஒருத்திதான். நால்வர் குழு நாள் 50-இல் இறங்குகிறது. அதற்குள் அவர்கள் தங்கும் அறைக்கு வண்ணம் முடிவாக வேண்டும். இடச்சுவரில் இளநீலம், வலச்சுவரில் இளம்பச்சை பூசினேன். பச்சை ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிறது. என் ஓட்டு நீலத்துக்கு. வேலை முடிந்தது.

நாள் 43 — 10:25
முடியவில்லை. தரைநிலையத்தில் உள்ளறை வடிவமைப்பைப் பார்க்கும் ரெஜினால்ட் அழைத்தார்: "மேடம், ஒரு கோட்டுல நிறம் சரியாத் தெரியாது. இன்னும் ரெண்டு கோட்டு அடிச்சுட்டு, தினம் ஆறு மணி நேரம் உள்ளேயே இருந்து பாத்துச் சொல்லுங்க." அறுபது கேள்விகள் கொண்ட படிவம் வேறு. தண்ணீர்க் குழாய் கசிகிறது. அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

நாள் 46 — 15:40
மூன்றாவது பூச்சு. தலைவலி. இரண்டு சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. டப்பாவை மாற்றி அனுப்பிவிட்டீர்களா என்று எரிந்து விழுந்தேன். ரெஜினால்ட் சிரித்தார்: "நீங்க அனுப்பின ஃபோட்டோ என் முன்னாடிதான் இருக்கு. ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. சின்னப் புள்ளகூடச் சொல்லிரும். தூங்கி எந்திரிங்க மேடம்."

நாள் 48 — 11:05
தூங்கி எழுந்தேன். பார்வை தெளியவில்லை. ஓய்வறைக் காற்றைச் சுத்தம் செய்யும் கரி வடிகட்டியைக் கழற்றினேன். மரத்துப்போன மூக்கிலும் பெயின்ட் கரைப்பானின் நெடி ஏறியது. ஊறிப்போயிருக்கிறது, இனி உறிஞ்ச இடமில்லை. இங்குள்ள காற்றுமானி இந்த ஆவியை அளக்காது. இத்தனை நாளும் இதைத்தான் சுவாசித்தேன். இதுதான் என் கண்ணைத் தின்கிறது.

நாள் 49 — 16:30
மூன்று முறை அழைத்துச் சொன்னேன். குழுவை நிறுத்துங்கள், இல்லையென்றால் வேறு அறையில் தங்கவையுங்கள். பதில்: "இங்க இருக்கிற அதே பெயின்ட் டப்பா ஒண்ணை லேபுக்கு அனுப்பிட்டேன் மேடம். ரிசல்ட் வர நாலு நாளாகும். அதுவரைக்கும் பிளான் அப்படியேதான். ஓய்வறையிலதான் தங்குவாங்க. அப்புறம், நீலத்துக்கே ஓகே ஆயிருச்சு. நாலாவது கோட்டு இன்னைக்கே அடிச்சிருங்க."
அடிக்கவில்லை. வெளியே வந்து ஓய்வறையின் காற்றுக்குழாயை அடைத்தேன். கதவிடுக்கில் பசைநாடா ஒட்டினேன், விரலால் தடவித் தடவி.

நாள் 50 — நேரம் தெரியவில்லை
கடிகார எண்கள் கரைந்துவிட்டன. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவோடு நேரே பேச ரேடியோவைத் தடவினேன். எந்தப் பொத்தான் எது என்று பிடிபடவில்லை. வருகிறவர்களே, இந்த அறையைத் திறக்காதீர்கள். உங்கள் கண்
கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். தரை அதிர்கிறது. இறங்கிவிட்டார்கள். யார் கையைப் பிடித்து இழுத்தாலும் நான் எழுந்திருக்கப் போவ