உங்கள் தூண்டில் டப்பாவில் என் தலைமுடி

கோபத்திலும் மரியாதை குறையாமல் நான் கூப்பிட்ட என் அத்தானுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்டு எழுத வழியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஏழு மாதம் உங்களை நினைத்து அழுதேன். இந்த ஒரு மாதமாக அழுவதா, உங்களோடு சண்டைக்கு நிற்பதா என்று தெரியாமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு தடவை பால் பொங்கி வழிந்துவிட்டது.

சேவியர் அண்ணன் வந்ததில்தான் இது ஆரம்பித்தது. புன்னைக்காயலில் தன் வள்ளத்தில் உங்களை ஏற்றி, ஆறு கடலில் சேரும் இடத்துக்கு ஞாயிறுதோறும் கொண்டுபோனவர் அல்லவா? வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு உங்கள் ஞாபகமாக ஒரே ஒரு தூண்டில் பூச்சி வேண்டும் என்று கேட்டார்.

"அந்தக் கறுப்புப் பூச்சி, தங்கச்சி. அதுக்குத்தான் பாரை மீனு பாய்ஞ்சு வரும். என்ன முடின்னு அண்ணாச்சி கடைசி வரைக்கும் சொல்லல. குதிரை வாலுன்னு சிரிப்பாரு."

உங்கள் பூச்சிப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே இல்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க் வேலை பார்த்தவர், ஒருநாள் கையெழுத்து வாங்க ஒரு கப்பலுக்குள் போனீர்கள். அங்கே மேல்தட்டில் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் நீளக் கம்பால் காற்றில் நூலை வீசிப் பழகிக்கொண்டிருந்தான். கப்பல் கிளம்பிய அன்று அவனுடைய பழைய கம்பு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு புழுவும் வேண்டாம், இறாலும் வேண்டாம். இறகையும் நூலையும் கொக்கியில் கட்டிக் குட்டி மீன் மாதிரி செய்து, அதற்குப் பூச்சி என்று பேர் வைத்துக்கொண்டு அலைந்தீர்கள். ஈ ஓட்டப் போகிறீர்களா என்று புன்னைக்காயலில் கேலி செய்தார்கள். நானும் செய்தேன்.

பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவலின் கழுத்து இறகைப் பிடுங்கியதற்கு நான் போய் மன்னிப்புக் கேட்டேன். என் கல்யாணப் பட்டின் முந்தானையிலிருந்து ஜரிகையை உருவியதற்கு மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. இதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் சொன்னது ஒன்றுதான். மீன் கிடைத்த நாளெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு உன் ராசிதான் செல்வி" என்பீர்கள். ஐஸ் வைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

சேவியர் அண்ணன் கேட்டதும் பீரோ மேலிருந்து உங்கள் டப்பாவை எடுத்தேன். அத்தனை வருஷத்தில் அதை நான் திறந்ததே கிடையாது. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் ஆபீஸ் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். சேவல். மயில். ஜரிகை. கீழ் வரிசையில் மூன்று கட்டங்கள் தனியாக இருந்தன. செல்வி கறுப்பு. செல்வி மருதாணி. செல்வி நரை.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்பது வயதில் மருதாணி வைக்க ஆரம்பித்த காலத்துச் செம்பட்டை, என் தலையில் பார்த்த அதே செம்பட்டை, கொக்கியின் முதுகில் படிய வாரிக் கட்டியிருந்தது. சேவியர் அண்ணனிடம் ஒரு கறுப்பைக் கொடுத்தேன். குதிரை வால்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகுதான் உங்கள் அக்கா, என் மதினியின் ஞாபகம் வந்தது.

என் சிக்குமுடி எப்படியெல்லாம் காணாமல் போனது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? சீப்பில் வருவதைச் சுருட்டிக் கொல்லைச் சன்னலில் ஒரு பையில் சேர்த்துவைப்பேன். முடி வாங்க வருகிறவரிடம் போட்டுப் பாத்திரம் வாங்கலாம் என்றுதான். பை நிறையவே நிறையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு உடம்பு படுத்தியது. கைகால் அசதி, மறதி, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அத்தனை உதிர்ந்தும் பை காலியாகவே இருந்தது. ஒருத்தி கூட்டிப்போனாள் என்று குறி கேட்கப் போனேன். இது செய்வினை, முடியை எடுத்தது வெளியாள் இல்லை, புருஷன் வீட்டு ஆள் என்று குறி சொல்கிறவர் சொன்னார்.

புருஷன் வீட்டு ஆள் என்றால் நம் வீட்டில் யார் இருந்தார்கள்? தாலி இழந்து வந்து நம்மோடு பின்னறையில் இருந்த உங்கள் அக்கா ஒருவர்தான். சாயங்காலமானால் என்னை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டதும் அவர்தான். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதினியை நிற்க வைத்துக் கேட்டேன். என் முடியை எந்த மந்திரவாதியிடம் கொடுத்தீர்கள் என்று கத்தினேன். மதினி ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பேசாமல் போனதே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு வருஷம் கழித்து எனக்குத் தைராய்டு என்று டாக்டர் சொன்னார். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. முடி எங்கே போனது என்பது மட்டும் தெரியவில்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வருஷம் முறுக்கிக்கொண்டு இருந்தேன். மதினி உங்கள் காரியத்துக்கு வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது என்னைத் தின்பது இதுதான், அத்தான். அந்த மத்தியானம் நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். கொல்லையில் குழாயைத் திறந்துவிட்டு, கம்பில் ஒட்டிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் கத்தும்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றுவிட்டதா? எத்தனை யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் உங்களிடம், உங்கள் அக்கா எனக்குச் செய்வினை வைத்துவிட்டார் என்று மட்டும் சொன்னேனா, முடி என்றும் சொன்னேனா? நான் சொல்லியிருந்தால், நீங்கள் கேட்டிருந்தால், எடுத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு?

தெரிந்திருக்காது என்று ஒரு மனம் சொல்கிறது. உடனே அந்த நரைக் கட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. மதினி போன பிறகு சீப்பில் வந்ததையெல்லாம் நான் அடுப்பில் போட்டு எரித்தேன். மருதாணியை நிறுத்தி நரையை அப்படியே விட்டதும் அதற்குப் பிறகுதான். அப்படியானால் அந்த நரை உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? தலையணையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்களா? நான் ஏன் எரிக்கிறேன் என்று தெரிந்து பொறுக்கினீர்களா, தெரியாமலா? மூன்றே மூன்று பூச்சிகள், மெல்லிசாக. அதைப் பார்த்தால் கோபமும் வருகிறது, கீழே வைக்கவும் மனம் வரவில்லை. எதை நம்புவது?

கேட்க ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் என்ன பேசுவது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். மதினியைக் கண்டதும் அத்தனையும் மறந்துபோனது. வாசலில் நின்று டப்பாவை நீட்டினேன். முடியை எடுத்தது நீங்கள் இல்லை, அத்தான்தான் என்று சொன்னேன்.

மதினி டப்பாவை வாங்கவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்ளா" என்றார்.

உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார். "சீப்புல கெடந்த முடியச் சுருட்டிச் சட்டப் பையில வைக்கான். ரெண்டு தடவ என் கண்ணால பாத்தேன். நீ வந்து செய்வினைன்னு கேட்ட உடனே எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. நான் என்னன்னு சொல்ல? என் தம்பியே பொண்டாட்டிக்குச் செய்வினை வைக்கான்னு சொல்லவா? பழி எம்மேல இருந்துட்டுப் போகட்டும், நீங்க ரெண்டு பேரும் பிழைச்சுக் கெடங்கன்னு வந்துட்டேன்."

கேட்டீர்களா, அத்தான்? நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் உங்களைச் சந்தேகப்பட்டார். நீங்கள் பாரைக்குப் பூச்சி கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

டப்பாவைத் திறந்து காட்டினேன். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மருதாணிப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணாகக் கருமணி ஒன்று ஒட்டியிருந்தீர்களே, அதை விரலால் தொட்டார். "மீன் பிடிக்கவா எடுத்தான்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எப்போது அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

தண்ணீர் ஓடியதா, நின்றதா என்று கேட்டேன். அவருக்கும் ஞாபகம் இல்லை. ஆனால் வேறு ஒன்று சொன்னார். மாதம் ஒரு தடவை நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். ஆபீஸ் வேலையாக ஓட்டப்பிடாரம் பார்ட்டி, கயத்தாறு பார்ட்டியைப் பார்க்க என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன நாட்கள்தான் போலிருக்கிறது.

"வந்து உக்காருவான். அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பான். அந்தப் பேச்சே எடுக்காதலேம்பேன். செய்வினை வச்சேன்னு அவன் வாயால கேக்க எனக்குத் தெம்பு இல்லளா. சோத்தத் தின்னுட்டுப் போலேன்னு எலையப் போட்டுருவேன். தலையக் குனிஞ்சு தின்னுட்டுப் போயிருவான். கடைசியா வந்தப்பவும் அப்படித்தான் போனான்."

அது என்ன ஒன்று? முடியைப் பற்றியதுதானா? அப்படியானால் தெரிந்துதான் இருந்திருக்கிறீர்கள். என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் அக்காவிடம் சொல்லப் போயிருக்கிறீர்கள். இல்லை, அது வேறு ஏதாவதா? பஸ்ஸில் திரும்பி வரும்போது உங்களைக் கோழை என்று திட்டினேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள், சோற்றைப் பார்த்துக் குனிந்த உங்கள் தலை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. இன்னும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

மதினியைக் கூட்டி வந்துவிட்டேன். காலில் விழப் போனேன், விட மாட்டேன் என்றுவிட்டார். பின்னறையில்தான் இருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் அவராகவே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, "உக்காருளா" என்றார். வாரி முடித்ததும் சீப்பில் வந்த முடியைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். எனக்கும் தெரியவில்லை. கடைசியில் உங்கள் டப்பாவைத் திறந்து நரைக் கட்டத்தில் வைத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சேவியர் அண்ணன் வள்ளத்தில் நானும் மதினியும் முகத்துவாரத்துக்குப் போகிறோம். அது குதிரை வால் இல்லை என்று அவரிடமும் சொல்லிவிடுவேன். சீப்பில் வருவதை இனிமேல் எரிக்க மாட்டேன். அவர் பூச்சி கட்டக் கேட்டால் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன், அத்தான். ஆனால் கொடுத்திருப்பேன்.

உங்கள் மாமன் மகள்,
செல்வி